கார்புரேட்டர்க் கசடு: சொல்லாராய்ச்சியும் துளையாராய்ச்சியும்

எஸ்கார்ட்ஸ் நிறுவனத்தார் யமஹாவின் நுட்பத்தைக் கொண்டு 1985 முதல் 1996 வரை செய்துவந்த ஆர்எக்ஸ் 100 என்னும் வண்டி, பெங்களூருவின் சிக்னல்களில் நிற்கும்போது மட்டும் இருமி இருமி அணைந்துபோவதும், அந்நோயை மெக்கானிக்குகள் ‘மிஸ்ஸிங்’ என்றும் ‘ஐட்லிங் நிற்கவில்லை’ என்றும் இருவகைப்படுத்துவதும் அறிஞருலகம் இதுகாறும் கண்டுகொள்ளாத செய்திகளாம். 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 விதிகள் வந்தபின் புதுவண்டிகள் பெரும்பாலும் ஃபியூயல் இன்ஜெக்‌ஷனுக்கு மாறிவிட்டமையால், கார்புரேட்டர் செவ்வியல் தகுதி பெற்றுவிட்டது. எனவே, இனி அதை ஓட்டிப் பார்க்காமலே ஆராயலாம்.

கார்புரேட்டராவது, குறுகிய தொண்டை வழியே விரையும் காற்று, அழுத்தம் தாழ்தலால், கீழுள்ள கிண்ணத்துப் பெட்ரோலை ஜெட் எனப்படும் நுண்துளை வழியே உறிஞ்சித் தன்னோடு கலந்து எஞ்சினுக்கு ஊட்டும் கருவி. எடைக்கணக்கில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு ஏறத்தாழ 14.7 பங்கு காற்று வேண்டும். கடல்மட்டத்திற்கு மேல் 900 மீட்டரைத் தாண்டி நிற்கும் பெங்களூருவிலோ காற்றின் அடர்த்தி ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறைதலின், சென்னையில் டியூனிங் செய்த வண்டி ஓசூரை எட்டுமுன்பே பெட்ரோல் மிகுந்து புகையத் தொடங்கும். இதனைப் பிரிவாற்றாமை எனக் கொண்டு பாலைத்திணையில் அடக்கிய ஆய்வேடு ஒன்று உண்டென்பர், பட்டமும் கிடைத்ததாம்.

இனி நோய்க்குறிகள். பிளக்கைக் கழற்றிப் பார்க்குங்கால் கரி படிந்திருப்பின் பெட்ரோல் மிகை, வெளுத்திருப்பின் குறை, காப்பித்தூள் நிறமாயின் நலம். சோக்கை இழுத்தவுடன் வண்டி தெளியுமாயின் பெட்ரோல் போதவில்லை என்பது துணிபு. ஏர் ஃபில்டர் அழுக்கேறியிருப்பின் கழுவுக.

எஞ்சியது ஸ்லோ ஜெட். வண்டி சும்மா நிற்கையில் எஞ்சினுக்குச் சோறு போடும் இதன் துளை அரை மில்லிமீட்டருக்கும் சிறியது. மாதக்கணக்கில் ஓடாத வண்டியின் கிண்ணத்தில் பெட்ரோல் ஆவியானபின் மிஞ்சும் பிசின் இதில் அடைத்துக்கொள்கிறது. அப்பிசினைத் தமிழ் மெக்கானிக் ‘கச்சடா’ என, கன்னட மெக்கானிக் ‘கச’ என, இரண்டும் ‘கசடு’ என்பதன் திரிபே என்று நிறுவுவாரும், கசடே ‘கச’வின் திரிபு என்று மறுப்பாரும், வள்ளுவர் கல்விக்குச் சொன்ன கசடு உண்மையில் ஸ்லோ ஜெட்டைக் கருதியதே என மூன்றாம் கட்சி கட்டுவாருமாகக் கருத்தரங்குகள் நீள்கின்றன, வண்டி ஸ்டாண்டிலேயே நிற்கிறது.

ஐட்லிங்கில் காற்றளவைக் கூட்டிக் குறைக்கும் ஏர் ஸ்க்ரூவைப் பற்றிய மூலபாடமோ இன்னும் சிக்கலானது. பெங்களூரு ஜே.சி. ரோட்டு ஸ்பேர்க்கடை ரசீதொன்றின் முதுகில் எழுதப்பட்ட சுவடி, ‘முழுக்க இறுக்கி ஒன்றரைச் சுற்று தளர்த்துக’ என்கிறது. சிவாஜிநகர்ப் பிரதியில் கிரீஸ் விரலொன்று பதிந்தமையால் அது ‘இரண்டரை’ எனவும் படிக்கக் கிடக்கிறது. அவ்விரல் நூலாசிரியருடையதா, உரையாசிரியருடையதா, டீ கொண்டுவந்த பையனுடையதா என்பதை ஆராய்ந்த நூலுக்கு மறுப்பும், மறுப்புக்கு மறுப்பும், அம்மறுப்பின் அடிக்குறிப்புகளுக்கு மட்டும் நாற்பது பக்கப் பொருளடைவும் வெளிவந்துள்ளன. ஸ்க்ரூவை மெல்லத் திருப்பிக்கொண்டே காதுகொடுத்தால் எஞ்சின் சுருதி உயர்ந்து சீராக நிற்கும் இடமொன்று வரும், அதுவே சரியான இடம் என்பது எந்த அடிக்குறிப்பிலும் இல்லை. அடிக்குறிப்புக்குக் காது கிடையாது.

அடைத்துக்கொண்ட ஸ்லோ ஜெட்டின் துளையைக் கம்பிகொண்டு குத்தலாகாது. பித்தளை தேய்ந்து துளை பெருத்தால் புது ஜெட்டே கதி. ஒர்க்‌ஷாப் பையன் அந்த ஸ்லோ ஜெட்டைக் கழற்றி, பெட்ரோலில் அலசி, வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்து, வாய்வைத்து இருமுறை ஊதிப் பூட்டியதும் ஐட்லிங் நின்றது. ஊதியவனுக்குத் தருவதாகலின் அது ஊதியம் எனப்பட்டது என்பது இவ்வாய்வின் முடிபு. வேறு வேர்ச்சொல் காட்டுவோர் முதலில் ஊதிவிட்டு வரவும்.