ஞாயித்துக்கிழமை வீரனுக்கு நாலு வார்த்தை

வா கண்ணு, வா. மெதுவா, மெதுவா. இந்த பெஞ்சுல உக்காரு. தொடையில என்ன அது, ஊதாக் கலர்ல ஒட்டியிருக்கே? டேப்பா? எனத்துக்கு? சதையைத் தூக்கிப் பிடிக்குமா? சரி, கலர் நல்லாத்தான் இருக்கு.

என்ன ஆச்சுன்னு நீ சொல்ல வேண்டாம், நானே சொல்றேன். நேத்து ராத்திரி பத்து மணி. நீலாத்ரி ரோட்டுப் பக்கம் பச்சைப் பாய் விரிச்சு, வலை கட்டி, மணிக்கணக்குல வாடகைக்கு விடுறானே, அந்த டர்ஃப். பாக்ஸ் கிரிக்கெட். திங்கள்லேர்ந்து வெள்ளி வரைக்கும் நாற்காலியை விட்டு எந்திரிக்காத மகராசன், ரெண்டாவது ரன்னுக்கு வெசையா ஓடினே. பாதியில தொடைக்குப் பின்னாடி பொசுக்குனு பிடிச்சுக்கிச்சு. ஒருத்தன் ஐஸ் வைன்னான். ஒருத்தன் நல்லா இழுத்து விடுன்னான். ஒருத்தன் எம்ஆர்ஐ எடுன்னான். கீப்பர் மட்டும் பேசாம ஸ்டம்பைத் தட்டிட்டான். சரிதானே?

இனிமே டர்ஃப் வழுக்குதும்பே, ஷூ சரியில்லேம்பே. நொண்டிக் குதிரைக்குச் சறுக்கினது சாக்கு. பன்னெண்டாயிரம் ரூபாய்க்கு இன்னொரு ஷூ வாங்குவே. வாங்கு, வாங்கு. கடைக்காரனும் புள்ளைகுட்டிக்காரன்தான்.

நான் யாருன்னு பாக்கறியா? ஓமலூர்ப் பக்கம். சேலம் - பெங்களூர் பஸ்ஸுல கண்டக்டரா இருந்தவன். இப்ப பேத்தி வீட்டுல இருக்கேன். அவ ஃபிசியோ. இந்த எலெக்ட்ரானிக் சிட்டி இருக்கே, 1978-ல கர்நாடக அரசோட எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனி கியோனிக்ஸ்காரங்க கோனப்பன அக்ரஹாரத்துலயும் தொட்டதோகூர்லயும் 332 ஏக்கரை வளைச்சுப் போட்டு ஆரம்பிச்சது. இங்கே எவன்யா வந்து எறங்குவான்னு எங்க டிரைவர் சிரிப்பாரு. இப்ப பாரு, ரோட்டுக்கு மேல இன்னொரு ரோடு, 2010-ல வந்துச்சு. 2025 ஆகஸ்டுல மெட்ரோவும் ஓடிருச்சு. எல்லாம் உசரத்துலயே போகுது. மனுசன் கால் தரையில படணும்னா டர்ஃபுக்குக் காசு கட்ட வேண்டியிருக்கு.

அந்தக் கைக்கடிகாரத்தைக் காட்டு. பத்தாயிரம் அடி நடந்தாத்தான் பட்டாசு வெடிக்குமா? நேத்து நல்லாத் தூங்கினியான்னு கேட்டா, அதைப் பாத்துட்டுத்தான் பதில் சொல்லுவியாமே? கொட்டாவி வந்தா உனக்கே தெரியாதா சாமி?

அந்தப் பத்தாயிரம் எங்கேர்ந்து வந்துச்சுன்னு பேத்தி சொன்னா. எந்த டாக்டரும் எண்ணிப் பாத்துச் சொன்னது இல்லையாம். டோக்கியோ ஒலிம்பிக்ஸ் முடிஞ்ச சூட்டோட, 1965-ல, யமாசான்னு ஒரு ஜப்பான் கம்பெனி இடுப்புல மாட்டுற அடி எண்ற கருவியை வித்துச்சு. அது விலை போகறதுக்கு வெச்ச கணக்கு அது. அப்புறம் 2019-ல ஹார்வர்டுல ஐ-மின் லீன்னு ஒரு அம்மா நெசமாவே எண்ணிப் பாத்தாங்க. சராசரி 72 வயசுல 16,741 பொம்பளைங்க. ஒரு நாளைக்கு 2,700 அடி நடந்தவங்களைவிட 4,400 அடி நடந்தவங்க கூட நாள் உசுரோட இருந்தாங்க. 7,500-க்கு மேல நடந்ததுல பெருசா ஒண்ணும் கூடலை. அப்ப ராத்திரி பதினொண்ணரைக்கு ஹாலுக்கும் சமையக்கட்டுக்கும் நடுவுல நீ குட்டி போட்ட பூனையாட்டம் அலையறது யாருக்காக? கடிகாரத்துக்காகத்தானே?

நடக்கறது வீண்னு சொல்லலை. நடையோட மகிமையை முதமுதல்ல கண்டுபிடிச்சதே எங்க சாதிக்காரங்களை வெச்சுத்தான். சாதின்னா கண்டக்டர் சாதி.

லண்டன்ல ஜெர்ரி மோரிஸ்னு ஒரு டாக்டர். அங்கே மாடி பஸ். டிரைவர் நாள் முழுக்க உக்காந்தே இருப்பான். கண்டக்டர் டிக்கெட் கிழிக்கறதுக்கு ஒரு நாளைக்கு ஐந்நூறு, அறுநூறு படி ஏறி எறங்குவான். ஒரே டெப்போ, ஒரே டீ, ஏறக்குறைய ஒரே சம்பளம். ஆனா மாரடைப்பு மட்டும் டிரைவருக்குத்தான் அதிகம். 1953-ல எழுதிப் போட்டாரு, நெறையப் பேரு நம்பலை. அது எப்படி, குண்டனா இருக்கறவன்தான் டிரைவர் வேலைக்கே போறானோ என்னவோன்னு கேட்டாங்க. நியாயமான கேள்விதானே? மனுசன் கோவிச்சுக்கலை. கம்பெனி தைச்சுக் கொடுத்த கால்சட்டை அளவை எல்லாம் வாங்கிப் பாத்தாரு. நெசமாவே வேலைக்குச் சேரும்போதே டிரைவருக்கு இடுப்பு பெருசு! அதை மறைக்காம 1956-ல அதையும் எழுதிப் போட்டாரு. அப்புறம் இடுப்புச் சுத்தளவைக் கழிச்சுக் கணக்குப் போட்டும் பாத்தாரு. ஒல்லி டிரைவரும் ஒல்லி கண்டக்டரைவிட மாரடைப்புல அதிகமாத்தான் மாட்டினான். ஆராய்ச்சின்னா இப்படி இருக்கணும் கண்ணு. தனக்கு எதிரா வர்ற சாட்சியையும் கூப்பிட்டு உக்கார வெச்சுக் கேக்கணும். அந்த மோரிஸ் 99 வயசு வரைக்கும் இருந்தாரு.

நான் மாடி பஸ்ஸுல இருந்தது இல்லை. ஆனா பின்னாடி ஏணியில ஏறி வாழைத்தாரையும் பலாப்பழத்தையும் கூரை மேல ஏத்தியிருக்கேன். தொப்பூர்க் கணவாயில பஸ் வளையும்போது, கம்பியைப் பிடிக்காம, சீட்டுல முதுகைச் சாச்சு நின்னு, ஒரு கையில டிக்கெட் கட்டு, ஒரு கையில சில்லறை. அதுக்கு இன்னிக்கு பேத்தி ஒரு பேர் சொல்றா, கோர் ட்ரெயினிங்காம். மாசம் நாலாயிரம் வாங்குறாங்களாம். எனக்கு கவர்மெண்டு சம்பளம் கொடுத்துச்சு.

நீங்க எல்லாரும் இப்ப டிரைவர் சீட்டுல உக்காந்திருக்கீங்க கண்ணு. ஸ்டியரிங் மட்டும்தான் இல்லை. 2024-ல லான்செட் குளோபல் ஹெல்த்ங்கிற மருத்துவப் பத்திரிகையில வந்த கணக்குப்படி நம்ம நாட்டுல பெரியவங்கள்ல ஏறக்குறைய பாதிப் பேருக்கு உடம்பு அசைவு பத்தலையாம். அஞ்சு நாள் சும்மா இருந்த சதையை ஆறாவது நாள் ராத்திரி பத்து மணிக்கு எழுப்பி, ஓடுன்னா அது ஓடுமா? உங்க ஆபீசுலயே புது ஆளுக்கு மாசக்கணக்குல ட்ரெயினிங் கொடுக்கறீங்க. தொடைக்கு மட்டும் முதல் நாளே டெட்லைனா?

சரி, ஐசுக்கு வருவோம். அடிபட்டா அசையாதே, ஐஸ் வை, கட்டுப் போடு, காலைத் தூக்கி வைன்னு 1978-ல அமெரிக்காவுல கேப் மிர்கின்னு ஒரு டாக்டர் புத்தகத்துல எழுதினாரு. உலகமே மனப்பாடம் பண்ணிச்சு. அதே ஆளு 2014-ல, ஐசும் முழு ஓய்வும் காயம் ஆறுறதைத் தாமதமாக்கலாம்னு மாத்திச் சொல்லிட்டாரு. வீக்கம்ங்கிறது உடம்பு ரிப்பேருக்கு ஆள் அனுப்பறதுதானாம். வலி தாங்க முடியலைன்னா கொஞ்ச நேரம் வை, தப்பில்லை. அதுக்காக ஐஸ் தொட்டியில எறங்கி உக்காந்து போட்டோ போடறது எனத்துக்கு?

அப்ப எதுதான் மருந்து? இதைக் கேளு, சிரிப்பு வரும். சுவீடன்ல ஹோகன் ஆல்ஃபிரட்சன்னு ஒரு எலும்பு டாக்டர். ஓடற ஆளு. குதிகால் தசைநாண்ல தீராத வலி. ஆபரேஷன் பண்ணி விடுங்கன்னு மேலதிகாரிகிட்ட கேட்டாரு. அவரு முடியாதுன்னுட்டாரு. இவருக்குக் கோவம். தசைநாண் அறுந்தே போச்சுன்னா பண்ணித்தானே ஆகணும்? அறுத்தே தீர்றேன்னு படி விளிம்புல நின்னு, வலிக்க வலிக்க குதிகாலைக் கீழே எறக்கினாரு, எறக்கினாரு, எறக்கிக்கிட்டே இருந்தாரு. தசைநாண் அறுந்து போகலை. வலிதான் போயிருச்சு!

அதை அப்படியே 15 பேருக்குச் செய்ய வெச்சு 1998-ல எழுதினாரு. படி விளிம்புல முன்பாதத்தை ஊனி நில்லு. நல்ல கால்ல ஏறு. வலிக்கிற கால்ல மெதுவா எறங்கு, குதிகால் படிக்குக் கீழே போகணும். பதினஞ்சு பதினஞ்சா மூணு தடவை. அப்புறம் முட்டியை லேசா மடக்கி அதே கணக்கு. காலையில ஒரு வாட்டி, பொழுதோட ஒரு வாட்டி. ஆக நாளைக்கு 180. பன்னெண்டு வாரம். சுலபமாயிட்டா முதுகுப் பையில கனத்தைப் போட்டுக்கோ. உன்கிட்டதான் லேப்டாப் பை எப்பவும் முதுகுல இருக்கே! 15 பேரும் மறுபடியும் ஓடினாங்க. அடி மேல் அடி வெச்சா அம்மியும் நகரும்னு உங்க ஆயா சொன்னா நம்ப மாட்டே. சுவீடன்காரன் சொன்னா நம்புவே. எப்படியோ நம்பினாச் சரி.

உன் தொடைக்கும் அதே வழிதான். காயம் ஆறின பின்னாடி, முட்டி போட்டு நில்லு, ஒருத்தன் உன் கணுக்காலைப் பிடிச்சுக்கட்டும், உடம்பை நேரா வெச்சு முன்னாடி மெதுவா சாய். விழப் போறப்ப கையை ஊனு. நார்டிக்னு பேரு. 8,459 விளையாட்டுக்காரங்களை வெச்சு நடந்த ஆராய்ச்சிகளை எல்லாம் 2019-ல கூட்டிப் பாத்தாங்க. அதைச் செஞ்ச டீமுல பின்தொடைக் காயம் பாதியாக் குறைஞ்சுது. செலவு? கணுக்காலைப் பிடிக்க ஒரு சிநேகிதன். அதுதான் இந்த ஊர்ல கிடைக்கலையோ என்னவோ.

ஆனா பேத்திகிட்ட வர்றவன் என்ன கேக்கறான் தெரியுமா? பயிற்சி சொல்லிக் கொடுத்தா மூஞ்சி சுருங்குது. என்ன மேடம், கரண்ட் வெக்கலையா? மெஷின்ல சிவப்பு லைட் எரிஞ்சு, கீ கீன்னு சத்தம் வந்து, கால்ல சுள்ளுனு இருந்தாத்தான் கொடுத்த காசுக்கு வைத்தியம். தானே செய்ய வேண்டியதுன்னா அது வைத்தியம் இல்லை. காசு கொடுத்தவன் எதுக்கு வேலை செய்யணும்?

அடுத்தது அவசரம். முட்டி ஜவ்வு கிழிஞ்சு ஆபரேஷன் பண்ணினவன் நாலாவது மாசமே பந்து போடலாமாங்கிறான். கிரிக்கெட் ஆடற ரிஷப் பந்த்தைப் பாரு. 2022 டிசம்பர் 30-ல கார் விபத்து. முட்டியில ஆபரேஷன். அப்புறம் இதே பெங்களூர் கிரிக்கெட் அகாடமியிலதான் கிடந்து பாடுபட்டாரு. திரும்ப ஆட வந்தது 2024 மார்ச்சுல. உலகத்துல இருக்கற அத்தனை டாக்டரும் கூப்பிட்ட குரலுக்கு வர்ற ஆளுக்கே அவ்வளவு மாசம். உனக்கு நாலு மாசமா? நார்வே, அமெரிக்கா ஆராய்ச்சிக்காரங்க 2016-ல சொன்னாங்க: அந்த மாதிரி ஆபரேஷனுக்கு அப்புறம் ஒன்பது மாசம் வரைக்கும், ஆட்டத்தை ஒவ்வொரு மாசம் தள்ளிப் போடறப்பவும் மறுபடி அடிபடற வாய்ப்பு ஏறக்குறைய பாதியாக் குறையுது. பதறாத காரியம் சிதறாது. இதுக்கு எந்த ஆப்பும் வேண்டாம், காலண்டர் போதும்.

இதைக் கேட்டுட்டு, பெருசுங்க சொன்னா எல்லாம் சரின்னு நெனைச்சுக்காதே. எங்க காலத்துல உடம்பெல்லாம் இரும்புன்னு ஒருத்தன் பீத்தினா அவனையும் நம்பாதே. எங்க ஊர்ல இடுப்புப் பிடிச்சா ஒரு மாசம் கட்டில்ல போட்டு எண்ணெய் தடவுவாங்க. எந்திரிக்கும்போது கால் நடை மறந்திருக்கும். ஹெல்சிங்கியில 1995-ல முதுகுவலிக்காரங்களை மூணு பங்காப் பிரிச்சாங்க. ஒரு பங்கு படுக்கை, ஒரு பங்கு பயிற்சி, ஒரு பங்கு தாங்கற அளவுக்கு அன்னாடச் சோலி. சோலி பாத்தவங்கதான் சீக்கிரம் தேறினாங்க. வயசாயிருச்சு இனி என்னன்னு உக்காரவும் வழியில்லை. பாஸ்டன்ல 1990-ல, ஏறக்குறைய தொண்ணூறு வயசான பத்துப் பேரை எட்டு வாரம் காலால எடை தூக்க வெச்சாங்க. கால் பலம் ரெண்டரை மடங்குக்கு மேல ஆச்சு. ரெண்டு பேரு கைத்தடியையே வீசிட்டாங்க. அதைக் கேட்டதுலேர்ந்து பேத்தி என்னையும் விடமாட்டேங்கிறா. நாற்காலியிலேர்ந்து கையை ஊனாம எந்திரி தாத்தாங்கிறா. எந்திரிக்கிறேன். என்ன பண்றது, சோறு அவ கையில.

அதுக்காக எல்லாத்துக்கும் நடந்தாப் போதும்னு இருந்துறாதே. டப்புனு சத்தம் கேட்டு முட்டி அன்னிக்கே வீங்கினா, காலை ஊனவே முடியலைன்னா, முட்டி மடங்கின இடத்துலயே மாட்டிக்கிட்டா, நுனிக்கால்ல நிக்க வரலைன்னா, மரத்துப் போச்சுன்னா டாக்டர்கிட்ட ஓடு. சரி, ஓட முடியாது, ஆட்டோ பிடி. ஓடும்போது நெஞ்சு இறுக்கினா கடிகாரத்தைப் பாக்காதே, ஆஸ்பத்திரியைப் பாரு.

மத்தபடி, பேத்தி ஒரு தாள்ல அஞ்சு பயிற்சி எழுதித் தருவா. அதைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல வெச்சுக்கிட்டா கால் ஆறாது. தினமும் செய்யணும். வலி போன மறுநாளும் செய்யணும். அதுக்கு அடுத்த வாரமும் செய்யணும். இங்கேதான் எல்லாரும் கோட்டை விடறாங்க.

நீங்க எல்லாரும் சொன்னதைச் செஞ்சுட்டா உன் பொழைப்பு என்னம்மா ஆகும்னு ஒரு நாள் அவகிட்ட கேட்டேன். அவ கவலையே படலை. வீட்டு லோனை இருபது வருசத்துக்குப் போட்டிருக்கா. உங்க மேல அவ்வளவு நம்பிக்கை.