கைப்பிடி அரிசியும் கறி வாளியும்

பாளையங்கோட்டை, நாசரேத், மெஞ்ஞானபுரம் பக்கத்து ஆலயங்களில் ஞாயிறு ஆராதனை ஆசீர்வாதத்தோடு முடிந்துவிடும். கிறிஸ்தவ வாழ்க்கை அதற்கப்புறம்தான் ஆரம்பிக்கும். அதுவும் பெரும்பாலும் வண்டி நிறுத்திய இடத்தில். பாடகர் குழுவில் இருப்பவர் காலையில் முதல் ஆளாக வந்து, வாசலை அடைத்தாற்போலக் காரை நிறுத்தியிருப்பார். அவர் பாட்டுப் புத்தகங்களை அடுக்கி வைத்து, ஆர்மோனியத்துக்கு உறை மாட்டி, நாலு பேரிடம் நலம் விசாரித்துவிட்டு வருவதற்குள் வெளியே ஹாரன் சத்தம் காதைப் பிளக்கும். அயலானை நேசிப்பது பற்றி அரை மணி நேரம் தலையாட்டிக் கேட்டவர்கள், அந்த அயலானின் வண்டி நம்பரை எழுத்தெழுத்தாக உரக்க வாசித்துக்கொண்டிருப்பார்கள்.

நெல்லைச் சீமையில் புரொட்டஸ்டண்ட் சபை இருநூறு வருஷத்துக்கு மேல் பழையது. 1799-ல் புதுக் கிறிஸ்தவர்களுக்கென்று உண்டாக்கிய முதல் ஊருக்கு முதலூர் என்றே பெயர். இன்றைக்கு அந்த ஊரைத் தமிழ்நாடு அறிந்திருப்பது மஸ்கோத் அல்வாவால். சுவிசேஷபுரம் இருக்கிறது. பாளையங்கோட்டைக்குள் சமாதானபுரம் இருக்கிறது. ஊர்ப் பெயரிலேயே பாதிப் பிரசங்கம் முடிந்துவிட்டது. மீதிப் பாதிதான் சிரமம். சமாதானபுரம் முக்கில் ஓர் ஆட்டோவும் ஒரு பைக்கும் லேசாக உரசிக்கொள்ளும்போது அங்கே நின்று கேட்டவர்களுக்கு அது தெரியும்.

இந்தச் சீமையில் சபைக்குச் சபை ஓர் அண்ணாச்சி உண்டு. ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர், வெள்ளை வேட்டி, முன்வரிசையில் மின்விசிறிக்கு நேர் கீழே ஒரு நிரந்தர இடம். யாரைப் பார்த்தாலும் "ஸ்தோத்திரம்" என்பார். ரயில் சரியான நேரத்துக்கு வந்தாலும் ஸ்தோத்திரம், வராவிட்டாலும் ஸ்தோத்திரம். குறை சொல்லவே முடியாத மனிதர். அவரிடம் சபையிலுள்ள ஒரு தச்சர் ஒருநாள் தயங்கித் தயங்கி வந்து நின்றார்.

"அண்ணாச்சி, பயலுக்கு காலேஜ் பீஸ் கட்டணும். வெள்ளிக்கிழமை கடைசி நாளு. ஒரு பத்தாயிரம் இருந்தா, பொங்கலுக்குள்ள தந்துருதேன்."

"கர்த்தர் பாத்துக்கிடுவாரு தம்பி. நான் ஜெபிச்சிக்கிடுதேன்."

அத்தோடு பேச்சு முடிந்தது. இல்லை என்று சொல்லியிருந்தால் மேற்கொண்டு கெஞ்சலாம். தருகிறேன் என்றால் வாங்கிக்கொண்டு போகலாம். ஜெபிச்சிக்கிடுதேன் என்கிறவரிடம் என்ன செய்வது? கேட்டவர்தான் "ரொம்ப நன்றி அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்ட வேண்டியிருந்தது.

புதிய ஏற்பாட்டில் யாக்கோபின் நிருபத்தை எழுதியவர் இப்படி ஓர் அண்ணாச்சியை நேரில் பார்த்திருக்க வேண்டும். உடுத்தத் துணியும் அன்றாடச் சாப்பாடும் இல்லாதவனிடம், போய்க் குளிர்காய்ந்து வயிறார இரு என்று வாய்வார்த்தையில் வழியனுப்பி வைக்கிறவரை இரண்டாம் அதிகாரத்தில் நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்கிறார். செயலில்லாத விசுவாசம் செத்துப்போனது என்று அடித்துச் சொல்கிறார். மார்ட்டின் லூதருக்கு இந்த நிருபம் பிடிக்கவில்லை. விசுவாசத்தால் மட்டுமே மீட்பு என்று அவர் ரோமோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த நேரத்தில், இது குறுக்கே வந்து செயல், செயல் என்றது. 1522-ல் வெளியிட்ட ஜெர்மன் புதிய ஏற்பாட்டின் முன்னுரையில் இதை 'வைக்கோல் நிருபம்' என்று எழுதிவிட்டார். பிந்தைய பதிப்புகளில் அந்த வரி இல்லை. நெல்லைக்காரர்கள் லூதரிடம் கோபித்துக்கொள்ளவில்லை. மாடு வைத்திருப்பவர்களுக்கு வைக்கோலின் அருமை தெரியும்.

அதே நிருபத்தின் மூன்றாம் அதிகாரத்தில் பெரும்பகுதி நாக்கைப் பற்றியது. பெரிய கப்பலைத் திருப்புகிற சின்னச் சுக்கானைப்போல நாக்கு என்று எச்சரிக்கும் பகுதி. அது வாசிக்கப்படும் ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் ஊசி விழுந்தால் கேட்கும். வாசித்து முடித்து வெளியே வந்ததும், போன வாரம் எந்த வீட்டுக் கல்யாணத்தில் கறியில் உப்பு கம்மி, எந்த வீட்டுப் பெண் யாரோடு பைக்கில் போனாள் என்கிற விவரங்கள் வேப்பமரத்தடியில் பரிமாறப்படும். "நாம ஜெபிக்கணும்ல, அதுக்காகத்தான் சொல்லுதேன்" என்ற முன்னுரையோடு. ஜெபக் குறிப்பாக வந்து சேருகிற செய்தியை யாரும் கோள் என்று சொல்லிவிட முடியாது.

கொடுப்பதில் இவர்கள் கஞ்சர்கள் அல்ல. கொடுத்தது தெரியாமல் போய்விடக் கூடாது, அவ்வளவுதான். வலது கை செய்கிற தர்மம் இடது கைக்குத் தெரியக் கூடாது என்று மலைப்பிரசங்கத்தில் சொல்லப்பட்டிருக்கிறது. மின்விசிறி இறக்கைக்குத் தெரியக் கூடாது என்று எங்கும் சொல்லப்படவில்லை. ஆகையால் மூன்று இறக்கையிலும் கொடுத்தவர் பெயர், அவர் மனைவி பெயர், யார் நினைவாக என்பது, எல்லாம் சிவப்புப் பெயிண்டில். இதில் ஒரு சங்கடம்: விசிறி சுற்றினால் பெயர் தெரியாது, பெயர் தெரிந்தால் காற்று வராது. அண்ணாச்சி தன் தகப்பனார் நினைவாகக் கொடுத்த விசிறியின் கீழேதான் உட்காருவார். பிரசங்கத்தின் நடுவே மின்சாரம் போனால் சபையே விசிறி மட்டையைத் தேடும். அவர் ஒருவர்தான் நிமிர்ந்து பார்த்துப் புன்னகைப்பார்.

இதையெல்லாம் நெல்லையின் தனிக் குணம் என்று நினைத்தால் அமெரிக்கக்காரர்கள் வருத்தப்படுவார்கள். ஜான் டார்லி, டேனியல் பேட்சன் என்ற இரண்டு உளவியலாளர்கள் பிரின்ஸ்டன் இறையியல் கல்லூரி மாணவர்களை வைத்து ஒரு சோதனை நடத்தி, 1973-ல் வெளியிட்டார்கள். 40 மாணவர்கள். பாதிப் பேர் நல்ல சமாரியன் கதையைப் பற்றியும், மீதிப் பேர் இறையியல் படித்தவர்களுக்கு என்ன வேலை கிடைக்கும் என்பதைப் பற்றியும் பக்கத்துக் கட்டடத்தில் போய்ப் பேச வேண்டும். போகிற வழியில் ஒரு வாசற்படியில் ஓர் ஆள் சுருண்டு கிடந்து இருமி, முனகிக்கொண்டிருப்பார். அவர் ஆராய்ச்சியாளர்கள் ஏற்பாடு செய்த ஆள். அவசரமில்லாமல் அனுப்பப்பட்டவர்களில் 63 சதவீதம் பேர் நின்று ஏதாவது உதவினார்கள். நேரமாகிவிட்டது, ஓடு என்று விரட்டப்பட்டவர்களில் 10 சதவீதம் பேர்தான். மனதில் சமாரியன் கதை இருந்ததா, வேலைவாய்ப்பு இருந்ததா என்பது பெரிய வித்தியாசம் எதையும் உண்டாக்கவில்லை. சமாரியனைப் பற்றிப் பேச ஓடிய சிலர், முனகிக் கிடந்தவரைத் தாண்டியே போனதாக அந்தக் கட்டுரை சொல்கிறது.

ஆக, கோளாறு மனதில் அல்ல, கடிகாரத்தில். இதை உளவியல் படிக்காத பாட்டிமார் வெகு காலத்துக்கு முன்பே தெரிந்து வைத்திருந்தார்கள். மனுஷன் நல்லவன்தான், ஆனால் அவனுக்கு நேரம் இருக்காது. அதனால் நல்லதை அவன் நல்ல மனதை நம்பி விடக் கூடாது, அடுப்படியில் கட்டிப்போட வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. அப்படி உண்டானதுதான் கைப்பிடி அரிசி.

வழக்கம் எளிது. சோற்றுக்கு அரிசி அளந்ததும், உலையில் போடுமுன் ஒரு கைப்பிடி அள்ளி ஒரு டப்பாவில் போட வேண்டும். ஆலயத்துக்கு. மிசோரத்துப் பிரஸ்பிட்டேரியன் பெண்கள் 1910-ல் இதைத் தொடங்கினார்கள். ஒவ்வொரு வேளைச் சமையலுக்கும் ஒரு பிடி. அந்த ஒரு பிடி இன்று ஆண்டுக்குக் கோடிக்கணக்கான ரூபாயாக அந்தச் சபையின் ஊழியங்களுக்குப் போய்ச் சேருகிறது. தென் தமிழ்நாட்டுச் சபைகளிலும் இது பழைய வழக்கம்.

அண்ணாச்சி வீட்டில் அந்தப் பொறுப்பு டீச்சருடையது, அதாவது அவர் மனைவியுடையது. பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் ஒன்று அரிசிப் பானைக்குப் பக்கத்திலேயே இருக்கும். கோபமாக இருந்தாலும், கரண்டு இல்லாவிட்டாலும், அண்ணாச்சியோடு பேச்சுவார்த்தை முறிந்திருந்தாலும் ஒரு பிடி விழுந்துவிடும். ஜெபமெல்லாம் கிடையாது. கை பழகிவிட்டது.

மாதக் கடைசியில் எல்லா வீட்டு அரிசியும் ஆலயத்தில் ஒரே அண்டாவில் கொட்டப்படும். அங்கேதான் வேடிக்கை. ஒரு வீட்டில் பொன்னி, ஒரு வீட்டில் இட்லி அரிசி, ஒரு வீட்டில் பச்சரிசி, நாலு வீட்டில் ரேஷன் அரிசி. வீட்டில் உண்பது ஒன்று, ஆண்டவருக்கு அளப்பது வேறு என்பதும் உண்டு. இந்தக் கதம்பத்தை ஏலம் எடுத்தவர் பொங்கினால் பொன்னி குழைந்திருக்கும், ரேஷன் அரிசி விறைத்துக்கொண்டு நிற்கும். அனுபவப்பட்டவர்கள் அதை மாவாக அரைத்துவிடுவார்கள், அல்லது கோழிக்குப் போடுவார்கள். ஆனாலும் ஏலத்தில் போட்டி குறையாது.

ஏலம் என்றால் அறுப்பின் பண்டிகை ஏலத்தைப் பார்க்க வேண்டும். கத்தரிக்காய், முருங்கைக்காய், தென்னங்கன்று, கால் கட்டிய சேவல் என்று காணிக்கையாக வந்ததெல்லாம் ஏலத்துக்கு வரும். சந்தையில் இருபது ரூபாய் பெறாத ஒரு பூசணிக்காய், இரண்டு பெரிய குடும்பங்கள் எதிரெதிரே உட்கார்ந்துவிட்டால் ஆயிரத்தைத் தாண்டும். ஜெயித்தவர் அதை வீட்டுக்குக் கொண்டுபோக மாட்டார். மறுபடி ஏலம் விடச் சொல்லித் திருப்பிக் கொடுப்பார். ஒரே பூசணிக்காய் மூன்று பேருக்கு விற்கப்படும். பெருமை பாவம் என்று போதிக்கிற சபை, அந்தப் பாவத்திடமிருந்தே வருஷா வருஷம் வசூல் செய்துவிடுகிறது.

அடுப்படியில் பக்தியைக் கண்டுபிடித்த பெரிய ஆள் ஒருவர் பிரான்சில் இருந்தார். சகோதரர் லாரன்ஸ். போரில் காலில் அடிபட்ட பழைய சிப்பாய். 1640-ல் பாரிஸிலுள்ள கார்மேல் மடத்தில் சேர்ந்தார். அங்கே அவருக்குக் கிடைத்தது சமையலறை. சமையல் அவருக்குச் சுத்தமாகப் பிடிக்காத வேலை. அதிலேயே பல வருஷம் பாத்திரங்களோடு போராடியபடி, ஆலயத்தில் முழங்காலில் நிற்கும்போது எப்படியோ அடுப்புக்கு முன்னாலும் அப்படியே கடவுளோடு இருக்கப் பழகினார். 1691-ல் அவர் இறந்த பிறகு கடிதங்களும் பேச்சுகளும் தொகுக்கப்பட்டன. மூன்று நூற்றாண்டு தாண்டியும் விற்கின்றன.

நெல்லைக்காரர்களுக்கு இன்னும் பக்கத்திலேயே ஓர் ஆள் உண்டு. மிஷனரி ஆர்தர் மர்காஷிஸ் 1876-ல் நாசரேத்துக்கு வந்து சேர்ந்தபோது தாது வருஷப் பஞ்சம் தொடங்கியிருந்தது. தாய் தகப்பனை இழந்த பிள்ளைகளைச் சேர்த்து அனாதை விடுதி; அடுத்து 1878-ல் அந்தப் பிள்ளைகள் கைத்தொழில் பழகத் தொழிற்பள்ளி. தச்சும் அதில் ஒன்று. நாசரேத்து என்று பெயர் வைத்த ஊரில் தச்சுப் பட்டறை இல்லாமல் இருந்தால்தான் ஆச்சரியம். பசியோடு வந்த பையனிடம் ஜெபித்துக்கொள்கிறேன் என்று மட்டும் சொல்லி அனுப்பாமல், கையில் உளியைக் கொடுத்தார். 1908-ல் இறக்கும் வரை அந்த ஊரிலேயே இருந்தார்.

தச்சர் மகனின் பீஸ் என்ன ஆயிற்று? புதன்கிழமை பெண்கள் ஐக்கியச் சங்கம் கூடியது. கைப்பிடி அரிசி விற்ற பணம் ஏழாயிரத்துச் சொச்சம் இருந்தது. பாக்கியை டீச்சர் தன் பென்ஷனிலிருந்து போட்டார். வெள்ளிக்கிழமை பணம் கட்டியாயிற்று. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் சாட்சி சொல்லும் நேரத்தில் அண்ணாச்சி எழுந்து, ஓர் ஏழைக் குடும்பத்துக்காகத் தான் ஏறெடுத்த ஜெபம் கேட்கப்பட்டதைக் கண்கலங்கச் சொன்னார். டீச்சர் பெண்கள் பக்கத்திலிருந்து திரும்பி ஒரு பார்வை பார்த்தார். சாட்சி சட்டென்று சுருங்கிவிட்டது.

அண்ணாச்சிக்கும் அவர் தம்பிக்கும் இரண்டடி நிலத்துக்காக ஒரு காம்பவுண்டுச் சுவர் வழக்கு முன்சீப் கோர்ட்டில் நடக்கிறது. தினமும் விடியற்காலையில் அண்ணாச்சி குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ரோஜாப்பூப் படத்தோடு ஒரு வசனம் போடுவார். தம்பி அதற்கு இரண்டு கைகூப்பல் போடுவார். பத்து மணிக்குமேல் இருவரும் அவரவர் வக்கீலைக் கூப்பிடுவார்கள். நேரில் பேச்சு இல்லை.

அந்த வருஷம் அசனப் பண்டிகை வந்தது. ஊரே திரண்டு உட்கார்ந்து சாப்பிடும் நாள். சாதி, மதம், சபை எதுவும் கேட்காமல் வந்தவர்களுக்கெல்லாம் சோறும் ஆட்டுக்கறிக் குழம்பும். பந்தியில் அண்ணாச்சி உட்கார்ந்திருந்த வரிசைக்குக் கறி வாளியோடு வந்தது தம்பி. பந்தி பரிமாறுகிறவன் ஓர் இலையைத் தாண்டிப் போகக் கூடாது; அது இந்தச் சீமையில் கோர்ட்டில் தோற்பதைவிடக் கேவலம். வாளியைச் சாய்த்து ஒரு கரண்டி ஊற்றினார். அண்ணாச்சி இலையைக் குனிந்து பார்த்தார்.

"ஏல, பூரா எலும்பாப் போட்டுருக்க. சதையாப் பாத்துப் போடு."

தம்பி வாளியின் அடிவரை துழாவி, நல்ல சதைத் துண்டாக மூன்றை எடுத்துப் போட்டார். "சாப்பிடுங்கண்ணே" என்று சொல்லிவிட்டு அடுத்த இலைக்கு நகர்ந்தார்.

வழக்கு வாபஸ் ஆகவில்லை. அடுத்த வாய்தாவுக்கு இருவரும் ஒரே காரில் போய் இறங்கினார்கள். இரண்டு வக்கீல்களுக்கும் அது கொஞ்சங்கூடப் பிடிக்கவில்லை.