ஸ்பீக்கர் புராணம்

பாட்டுக்காக ஸ்பீக்கர் வாங்குகிறவர்கள் நாம். ஸ்பீக்கருக்காகப் பாட்டு வாங்குகிறவர்கள் ஹை-ஃபை பக்தர்கள். அவர்களைக் கேட்டால், இந்தத் துறையின் ரிஷிகள் அத்தனை பேரும் ‘அசல் ஒலி’ என்கிற மோட்சத்துக்காகத் தவம் கிடந்தார்கள் என்பார்கள். நம்பாதீர்கள். எல்லாரும் மண்டையைப் பிய்த்துக்கொண்டது ஒரே ஒரு கேள்விக்குத்தான்: இந்தப் பெட்டியை வீட்டில் எங்கே வைத்துத் தொலைப்பது?

வினை அத்தனைக்கும் மூலம் பேஸ் என்கிற அடித்தொனி. 40 ஹெர்ட்ஸில் உறுமுகிற ஒரு சுரத்தின் அலை ஏறக்குறைய 28 அடி நீளம். நம் ஹால் 15 அடி தாண்டினால் பெரிய விஷயம். போதாததற்கு, ஸ்பீக்கரின் கோன் முன்பக்கம் காற்றைத் தள்ளுகிற அதே நொடியில் பின்பக்கம் இழுக்கிறது. இரண்டும் சுற்றி வந்து சந்தித்துவிட்டால் வரவும் செலவும் நேராகி, பேஸ் பூஜ்யம். சந்திக்கவிடாமல் தடுக்கத்தான் பெட்டி. ஆழமான பேஸ் வேண்டுமா, பெரிய பெட்டி வேண்டும். பெட்டி பெரிதானால் சோபா வெளியே போக வேண்டும். சோபா போனால் வீட்டில் யுத்தம்.

ஆதிப் படலம்

1925-இல் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனியில் செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெல்லாக் என்ற இருவர், காந்தத்தின் இடுக்கில் கம்பிச் சுருள், சுருளோடு ஒட்டிய காகிதக் கோன் என்று ஒரு ஸ்பீக்கரை விவரித்துக் கட்டுரை எழுதினார்கள். நூறு வருஷமாக நாம் அதே சாதத்தைத்தான் வேறு வேறு குழம்பு ஊற்றிச் சாப்பிடுகிறோம். 1926-இல் அது ரேடியோலா பெயரில் கடைக்கு வந்தபோது கோனின் அகலம் ஆறு அங்குலம், விலை 250 டாலர். ஃபோர்டு மாடல் டி காரின் மலிவான ரகம் அந்தக் காலத்தில் 260 டாலருக்குக் கிடைத்துக்கொண்டிருந்தது. ஸ்பீக்கர் ஆசை வந்தவன் கார் ஆசையைக் கைவிட வேண்டும் என்கிற ஆசாரம் முதல் நாளே ஏற்பட்டுவிட்டது.

மூலைப் படலம்

அடுத்து வந்தவர் பால் கிளிப்ஷ். சிலியில் மின்சார ரயில் எஞ்சின்களைப் பராமரித்தவர், பிறகு ராணுவத்தில் பீரங்கிக் குண்டு சோதிக்கிற இடத்தில் வேலை பார்த்தவர். மெல்லிய ஒலியோடு பழகிய மனிதர் என்று சொல்ல முடியாது. ஆர்கன்சாஸ் மாநிலத்தில் ஹோப் என்ற சிற்றூரில் ஒரு தகரக் கொட்டகையில் 1946-இல் கம்பெனி தொடங்கினார். அதே வருஷம் அதே ஊரில் பிறந்த இன்னொரு ஓயாத குரலுக்குப் பெயர் பில் கிளிண்டன்.

பேஸுக்கு ராட்சத ஹார்ன், அதாவது வாய் விரிந்த குழல், வேண்டும்; வீட்டில் இடமில்லை. கிளிப்ஷ் ஹார்னை மடித்துப் பெட்டிக்குள் அடைத்து, பெட்டியை அறை மூலையில் தள்ளினார். மூலையின் இரண்டு சுவர்களும் ஹார்னின் நீட்சியாக வேலை செய்யும். அதாவது ஸ்பீக்கரின் பாதியை வாங்குகிறவரே, வீடு கட்டும்போதே, தன் செலவில் கட்டி வைத்திருக்க வேண்டும். மூலைக்கு ஒன்றாக இரண்டு மூலை கேட்கிற இந்த கிளிப்ஷ்ஹார்ன், ஒரு வாட் கொடுத்தாலே 105 டெசிபெல் கத்தும் என்கிறது கம்பெனி. இன்றுவரை தயாரிப்பில் இருக்கிறது.

கிளிப்ஷ் கோட்டு மடிப்பின் உள்பக்கம் ஒரு மஞ்சள் பட்டன் குத்தி வைத்திருப்பார். யாராவது ஒலி பற்றி அற்புதங்கள் அளந்தால் பேசமாட்டார். மடிப்பைத் திருப்பிக் காட்டுவார். அதில் இருந்த சொல்லை நாகரிகமாகச் சொன்னால் ‘சுத்த டுபாக்கூர்’.

மெத்தைத்துணிப் படலம்

மூலையில்லாதவர்களைக் காக்க அவதரித்தவர் எட்கர் வில்ச்சர். மூடிய பெட்டிக்குள் அடைபட்ட காற்றே ஸ்பிரிங் மாதிரி கோனைத் தாங்கும், கோனின் விளிம்பைத் தொளதொளவென்று விட்டுவிடலாம், பெட்டியைச் சிறிதாக்கலாம் என்றார். சோதிக்க, பேஸுக்கான ஒரு பழைய ஸ்பீக்கரின் விளிம்பை அறுத்தெறிந்தார். புது விளிம்புக்கு மாதிரி வெட்டிக் கொடுத்தவர் மனைவி ரோஸ்மேரி. துணி, மெத்தை உறைக்கானது. நவீன பேஸ் பிறந்தது தையல் கத்தரியில்.

யோசனையைப் பெரிய கம்பெனிகளிடம் விற்கப் போனார். இது நடக்கிற காரியமாக இருந்தால் எங்கள் ஆட்களே எப்போதோ செய்திருப்பார்களே என்கிற தோரணையில் அனுப்பிவிட்டார்கள். மாணவர் ஹென்றி கிளாஸைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டு 1954-இல் அக்குஸ்டிக் ரிசர்ச் கம்பெனியைத் தானே தொடங்கினார். அவர்களுடைய ஏஆர்-1 அலமாரித் தட்டில் உட்கார்ந்துகொண்டு, பீரோ அளவுப் பெட்டிகளை விட ஆழமாக உறுமியது.

விளம்பரத்துக்கு வில்ச்சர் செய்த வேலைதான் உச்சம். ஃபைன் ஆர்ட்ஸ் குவார்ட்டெட் என்ற நால்வர் தந்திவாத்தியக் குழுவை மேடையேற்றினார். பாதியில் அவர்கள் வாசிப்பை நிறுத்திவிட்டு வில்லை மட்டும் அசைப்பார்கள். ஏஆர் ஸ்பீக்கர் பதிவை எடுத்துக்கொண்டு ஓடும். ரசிகர்களில் மிகப் பலருக்கு எது நிஜம், எது பெட்டி என்று பிடிபடவில்லை. நம் சினிமாக்காரர்கள் மறைக்கப் படாதபாடு படுகிற விஷயத்தை இவர் டிக்கெட் போடாத குறையாகக் காட்டினார்.

பின்னர் காப்புரிமை வழக்கில் தோற்றார். அலட்டிக்கொள்ளாமல் கம்பெனியை 1967-இல் விற்றுவிட்டுக் காதுகேட்கும் கருவி ஆராய்ச்சிக்குப் போனார். ஸ்பீக்கரை மாற்றியது போதும், காதையே மாற்றிவிடலாம் என்று நினைத்திருக்கலாம்.

கணப்புப் படலம்

இங்கிலாந்தில் குவாட் கம்பெனியின் பீட்டர் வாக்கர் பெட்டியையே ஒழித்துக்கட்டினார். 1957-இல் வந்த அவருடைய ஸ்பீக்கரில் கோனும் இல்லை, பெட்டியும் இல்லை. ஆயிரக்கணக்கான வோல்ட் ஏற்றிய மெல்லிய பிளாஸ்டிக் தாள், இரண்டு பக்கமும் ஓட்டை போட்ட தகடு. பார்க்க அச்சு அசல் குளிர்காயும் கணப்பு. மனிதக் குரல் அதில் வந்தால் எதிரே ஆள் நிற்கிறாற்போல் இருக்கும். ஆனால் அந்த ஆள் மெதுவாகத்தான் பேசுவார். உற்சாகத்தில் வால்யூமை ஏற்றினால் உள்ளே பொறி பறந்து தாள் பொத்தலாகும். கணப்பு கணப்பாகவே மாறும்.

மகராசிகள் படலம்

பிபிசிக்கு வேறு சங்கடம். ஒளிபரப்பு வேனில் ஒரு ஆள், ஒரு நாற்காலி, கொஞ்சம் கருவி. மிச்சமிருக்கிற இடத்தில் ஸ்பீக்கர். 1970-களில் அதற்கென்று ஒரு அடி உயரத்தில் எல்எஸ்3/5ஏ என்று ஒன்றைச் செய்தார்கள். ஆழ பேஸ் கிடையாது, அடித்துக் கேட்டாலும் வராது. வேனுக்குள் பேச்சுக் கேட்கப் பிறந்த அந்தக் குட்டிக்குத்தான் பங்களா ஹாலில் பீடம் அமைத்து, அதன் 15 ஓம் ரகம் உசத்தியா 11 ஓம் ரகம் உசத்தியா என்று இரவெல்லாம் தர்க்கம் செய்கிறார்கள்.

பிபிசி ஆராய்ச்சிக் கூடத்திலிருந்து வெளியேறிச் சொந்தக் கம்பெனி கண்டவர்கள் இருவர். ஸ்பென்சர் ஹியூஸ் தன் பெயரையும் மனைவி டாரதி பெயரையும் ஒட்டி ‘ஸ்பெண்டார்’ என்றார். டட்லி ஹார்வுட் தன் பெயரோடு மனைவி எலிசபெத்தைச் சேர்த்து ‘ஹார்பெத்’ என்றார். எத்தனை பெட்டி வீட்டுக்குள் வந்தால் ஒரு மனுஷன் இந்த அளவுக்கு இறங்கி வருவான் என்று யோசித்துப் பாருங்கள்.

வொர்திங் கடற்கரை ஊரில் ஜான் பவர்ஸ் ரேடியோ கடை வைத்திருந்தார், பின்கட்டில் ஸ்பீக்கர் செய்வார். மிஸ் நைட் என்ற மூதாட்டி அதில் மயங்கி, உயிலில் 10,000 பவுண்டு எழுதி வைத்துவிட்டுப் போனார். அந்தப் பணத்தில் 1966-இல் எழுந்ததுதான் பவர்ஸ் அண்ட் வில்கின்ஸ். அதே கம்பெனி 1993-இல் நத்தை வடிவில் ஒரு ஸ்பீக்கர் செய்தது. பாட்டி இருந்திருந்தால் உயிலை மாற்றி எழுதியிருக்கக்கூடும்.

சுவர்ப் படலம்

வெள்ளைக்காரனை எதிர்த்துச் சிறை சென்று, 1920-இல் வங்காளத்திலிருந்து அமெரிக்காவுக்குத் தப்பியவர் நோனி கோபால் போஸ். அவர் மகன் அமர் போஸ், எம்ஐடியில் படித்தபோது 1956-இல் ஆசையாக ஒரு ஹை-ஃபை வாங்கி ஏமாந்தார். நாமாக இருந்தால் கடைக்காரரைத் திட்டிவிட்டுப் போயிருப்போம். அவர் ஆராய்ச்சியில் இறங்கினார். கச்சேரி அரங்கில் நம் காதுக்கு வருகிற ஒலியில் பெரும்பகுதி சுவரில் பட்டுத்தான் வருகிறது என்று கண்டு, 1968-இல் போஸ் 901 கொண்டுவந்தார். ஒன்பது ஸ்பீக்கரில் எட்டு சுவரைப் பார்க்கும். ஒன்றே ஒன்று உங்களை மதித்துத் திரும்பியிருக்கும்.

1970-இல் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் பத்திரிகை இதைச் சோதித்து, வாத்தியங்கள் பிரம்மாண்டமாகி அறை முழுக்க அலைகின்றன என்று எழுதியது. அமர் போஸ் கோர்ட்டுக்குப் போனார். வாத்தியம் அறை முழுக்க அலைந்ததா, சுவரோரமாக மட்டும் நடந்ததா? சட்டம் படித்த பெரியவர்கள் கறுப்பு அங்கியில் உட்கார்ந்து இதை விசாரித்தார்கள். சுவரோரம் என்பதைத்தான் அப்படி எழுதினேன் என்றார் சோதித்த எஞ்சினியர். கீழ்க்கோர்ட் நீதிபதி நம்பவில்லை, போஸுக்கு ஜெயம். மேல்கோர்ட் புரட்டிப் போட்டது. கடைசியில் 1984-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், 6-க்கு 3 என்ற கணக்கில், தவறாக எழுதியிருக்கலாம், அதற்காகத் தெரிந்தே பொய் சொன்னதாக ஆகாது என்று பத்திரிகையை விடுவித்தது. ஒரு வயலின் எங்கே நின்றது என்ற தகராறு அமெரிக்கப் பத்திரிகைச் சுதந்திரத்தின் முக்கியத் தீர்ப்பாகிவிட்டது.

டிஷ்யூ படலம்

1978-இல் யமாஹா வீட்டுக்கென்று விட்ட என்எஸ்-10 வீட்டில் எடுபடவில்லை. வெள்ளைக் கோன், காதைக் குத்துகிற ட்வீட்டர் என்கிற உச்சஸ்தாயி ஸ்பீக்கர். ஸ்டூடியோக்காரர்கள் அதை வாரிக்கொண்டார்கள்: இதிலேயே நன்றாகக் கேட்கிற பாட்டு எதிலும் நன்றாகக் கேட்கும் என்கிற கணக்கு. குத்தலைக் குறைக்க ட்வீட்டர் மேல் டிஷ்யூ காகிதம் ஒட்டினார்கள். எந்தக் காகிதம், எத்தனை மடிப்பு என்று ஒருவர் அளந்து கட்டுரையே எழுதினார். வீட்டிலிருந்து துரத்தப்பட்ட அந்த ஸ்பீக்கரைக் கௌரவிக்க 2008-இல் கிராமி தொழில்நுட்ப விருது கொடுத்தார்கள்.

நூற்பயன்

இப்புராணத்தைச் சிரத்தையோடு படித்தோர் அடையும் பலன் யாதெனில்: சுவரோடு ஒட்டி நிற்கிற ஸ்பீக்கரை ஓரடி முன்னால் இழுப்பார்கள், மூலையில் முனகிக்கொண்டிருந்த பேஸ் தெளியும். பின்சுவரில் முதுகை ஒட்டிய சோபாவை நகர்த்துவார்கள், பாட்டே மாறும். செலவு காலணா ஆகாது, இடுப்புவலி தனி. அதற்குப் பிறகும் ஸ்பீக்கர் விலையைவிட அதிக விலையில் ஒயர் விற்க யாராவது வந்தால், கிளிப்ஷின் மஞ்சள் பட்டன் துணை. நம் ஊர் வெயிலுக்குக் கோட்டெல்லாம் கட்டுப்படியாகாது; சட்டைப்பையிலேயே நேராகக் குத்திக்கொள்ளலாம்.