சேறு பூசிய அண்ணன்

துருக்கியின் ஃபெத்தியே கடற்கரையில் ஒரு வாரம் அறை எடுத்தது சும்மா படுத்துக்கிடக்கத்தான். “படுக்கறதுக்கு வீட்லயே கட்டில் இருக்கே” என்று சொல்லிவிட்டு, மனைவி டால்யன் ஒருநாள் சுற்றுலாவுக்கு இரண்டு சீட்டு வாங்கி வந்துவிட்டாள்.

காலை ஏழரைக்கு மினிபஸ் வந்தது. ஊரிலுள்ள ஹோட்டல் வாசல்களிலெல்லாம் நின்று ஆள் பொறுக்கிவிட்டு, எட்டே முக்காலுக்கு மறுபடி எங்கள் ஹோட்டலையே கடந்தது. நீச்சல் குளத்தோரம் என் சாய்வு நாற்காலி காலியாகக் கிடந்ததைப் பார்த்து வயிறு எரிந்தது. பிறகு ஒரு தோலாடைக் கடையில் இறக்கிவிட்டார்கள். கொளுத்தும் ஆகஸ்ட் வெயிலில் எனக்கு ஆட்டுத்தோல் கோட்டு மாட்டி அழகு பார்த்தார்கள். இலவச ஆப்பிள் தேநீர் இரண்டு குடித்தேன். கோட்டு வேண்டாம் என்றதும் மூன்றாவது வரவில்லை.

டால்யனில் படகு ஏறியதும் கோபம் தணிந்தது. இரு பக்கமும் நாணல், நடுவே பச்சை ஆறு. எதிர்க்கரைச் செங்குத்துப் பாறையில் கி.மு. 4ஆம் நூற்றாண்டுக் கல்லறைகள், கோயில் முகப்பு போலத் தூண்களோடு. இருப்பதிலேயே பெரியது அரைகுறையாக நிற்கிறது. மேலே முகப்பு முடிந்திருக்கிறது, கீழே தூண்கள் இறங்கவில்லை. மேலிருந்து கீழாகச் செதுக்கியதற்கு அதுதான் சாட்சி என்றார் வழிகாட்டி. முன்பணத்தோடு மறைந்த எங்கள் வீட்டு மேஸ்திரி ஞாபகத்துக்கு வந்தார்.

அடுத்தது சேற்றுக்குளியல். “இறங்குங்க ஆபி, பத்து வயசு குறையும்” என்றார் வழிகாட்டி. ஆபி என்றால் அண்ணன். கந்தகம் கலந்த சேறு, அழுகின முட்டை வாடை. பூசிக்கொண்டு காயவிட்டதும் அத்தனை பேரும் ஒரே சாம்பல் நிறம். மனைவி என்று நினைத்து ஓர் உருவத்திடம், “என் கண்ணாடியப் பத்திரமா வெச்சியா?” என்று கேட்டேன். ஜெர்மன் மொழியில் பதில் வந்தது, அதுவும் ஆண்குரலில். பின்னாலேயே நின்ற மனைவி அன்று மதியம் வரை பேசவில்லை.

இஸ்துஸு கடற்கரை நாலரை கிலோமீட்டர் மணல். பெருந்தலை ஆமைகள் முட்டையிடும் இடம். 1980களில் இங்கே ஹோட்டல் கட்டக் கிளம்பினார்கள். கரையிலேயே குடிசையில் வாழ்ந்த ஜூன் ஹைமாஃப் என்ற பிரிட்டிஷ் பெண்மணியும் இன்னும் பலரும் போராடித் தடுத்தார்கள். 1988இல் அது பாதுகாக்கப்பட்ட பகுதியானது. முட்டையிடும் காலத்தில் இரவு எட்டு முதல் காலை எட்டு வரை மனிதருக்கு அனுமதியில்லை. ஆமைகள் கரையேறுவதோ இரவில். ஆக, ஆமை வராத நேரமாகப் பார்த்து எங்களைக் கூட்டிப்போயிருந்தார்கள். மனைவி மணலில் துண்டை விரித்துப் படுத்துவிட்டாள். படுக்கத்தான் வந்தோம் என்று அப்போது நான் சொல்லியிருக்கலாம்; சொல்லவில்லை.

திரும்பும் வழியில் மறுபடி அந்தக் கல்லறைகள். அவற்றின் பின்னால்தான் கவ்னோஸ் என்ற பழைய துறைமுக நகரம். வண்டல் தூர்த்துச் சதுப்பாகிப்போன இடம். அந்தக் காலத்திலேயே காய்ச்சலுக்குப் பேர்போனது. ஸ்ட்ரடோனிக்கஸ் என்ற யாழ்க் கலைஞர் அங்கே போய், ஊர்க்காரர்களின் வெளிறிய பச்சை முகத்தைக் கிண்டல் செய்தாராம். எங்கள் ஊரைச் சீக்கு ஊர் என்கிறீரா என்று அவர்கள் சண்டைக்கு வர, “பிணங்களே எழுந்து நடமாடும் ஊரை அப்படிச் சொல்வேனா?” என்றாராம். இதை எழுதிவைத்தவர் பண்டைய கிரேக்கப் புவியியலாளர் ஸ்ட்ராபோ என்றார் வழிகாட்டி.

கேட்டுக்கொண்டிருந்த மனைவி கைபேசியை என் பக்கம் திருப்பினாள். படத்தில் நான் சேற்றுக்குளத்திலிருந்து படியேறி வருகிறேன்.

“அந்த ஊர் இன்னும் மாறலைங்க” என்றாள்.