கெட்டிக்காரப் பிள்ளை

கேள்வி: பிள்ளையைப் ‘புத்திசாலி’ என்று பாராட்டக் கூடாதாமே? அப்படியானால் ‘மக்கு’ என்று திட்டினால் நன்றாகப் படித்துவிடுமா?

பதில்: இரண்டும் வேண்டாம். புத்திசாலி என்று பெயர் வாங்கிவிட்ட பிள்ளை, கஷ்டமான கணக்கைத் தொட்டு அந்தப் பெயரை எதற்குக் கெடுத்துக்கொள்ள வேண்டும்?

அமெரிக்காவில் கிளாடியா முல்லரும் கேரல் டுவெக்கும் 1998-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றைப் பாருங்கள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் புதிர்கள் கொடுத்து, சிலரைக் ‘கெட்டிக்காரப் பிள்ளை’ என்றும், சிலரை ‘நன்றாக உழைத்தாய்’ என்றும் பாராட்டினார்கள். அடுத்து வந்த கடினமான புதிர்களில் எல்லோருமே சறுக்கினார்கள். பிறகு முதலில் கொடுத்தது போன்ற புதிர்களையே மறுபடி கொடுத்தபோது, கெட்டிக்காரர்கள் முன்பு வாங்கியதைவிடக் குறைவான மதிப்பெண் வாங்கினார்கள். ‘உழைத்தாய்’ என்று பாராட்டப்பட்டவர்கள் கூடுதலாக வாங்கினார்கள்.

என்னை உறுத்துவது இன்னொன்று. முகம் தெரியாத வேறொரு பள்ளிப் பிள்ளைக்குத் தங்கள் மதிப்பெண்ணை எழுதச் சொன்னால், ‘கெட்டிக்காரர்’களில் சுமார் 40 சதவீதம் பேர் கூட்டி எழுதினார்கள். பத்துப் பதினொரு வயதுப் பிள்ளையைப் பொய் சொல்ல வைத்தது நாம் அன்பாகச் சொன்ன ஒரு வார்த்தை!

தாராளமாகப் பாராட்டுங்கள். ‘இந்தக் கணக்கை வேறு வழியிலும் போட்டுப் பார்த்தாயே, எப்படித் தோன்றியது?’ என்று கேளுங்கள். பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து விளக்க ஆரம்பித்துவிடும்.