தலைகீழ்ச் சாஸ்திரம்

ஐம்பது வயதைக் கடந்த மனிதனைப் பீடிக்கக்கூடிய வியாதிகளின் ஜாபிதாவிலே, நீரிழிவுக்கும் முழங்கால் வாதத்துக்கும் அடுத்தபடியாக, றிமோட்டினால் இயங்கும் பொம்மை ஹெலிகொப்டரையும் சேர்க்கவேண்டும் என்பது என் தாழ்மையான அபிப்பிராயம். எனக்கு அது கனடாவிலிருந்து தொற்றியது. ஆடி மாத விடுமுறைக்கு ஊர்காவற்றுறைக்கு வந்த என் தங்கையின் மகன், பிறர் சொக்கிளேற்றும் சவர்க்காரமும் அடைத்துவருகிற பெட்டியிலே அந்த யந்திரத்தை அடைத்துக்கொண்டு வந்தான்.

பட்டம் விடுவதிலே நான் பழுத்தவன் என்பதைத் தீவுப்பகுதியில் ஒருவரும் மறுக்கார். முச்சை கட்டுவதிலும் விண் பூட்டுவதிலும் தேர்ந்து, வாடைக்காற்றிலே கொக்குப்பட்டத்தை ஏற்றிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டே அது எப்பக்கம் சரிகிறதென்று சொல்லவல்ல என் விரல்கள், இந்தப் புதிய வித்தையிலே பரம மூடங்களாகிவிட்டன. பட்டத்தின் சேதியை நூல் கொண்டுவந்து கையிலே கொடுக்கும். ஹெலிகொப்டரோ ஒரு சேதியும் அனுப்பாமல், கட்டளையை மாத்திரம் வாங்கிக்கொள்ளும்.

1960களின் இறுதியிலே ஜெர்மனியைச் சேர்ந்த டீட்டர் ஷ்லூட்டர் இத்தகைய யந்திரத்தைச் சொற்படி கேட்கவைத்த காலத்தில், அது நிமிர்ந்து நின்றதே பெரும் பேறாயிருந்தது. இன்றோ அது கரணமடிக்கவும் மல்லாந்து மிதக்கவும் வேண்டுமென்கிறார்கள். சர்வதேச வான்விளையாட்டுச் சம்மேளனம் இதற்கென்றே எஃப்3என் என்னும் போட்டிப் பிரிவை வைத்திருக்கிறது. சூட்சுமம் விசிறித் தகட்டிலே இருக்கிறது. தகட்டின் இருபுறமும் ஒரே வளைவாயிருப்பதால், அதன் சாய்வை எதிர்ப்பக்கம் திருப்பியவுடன், கவிழ்ந்த யந்திரமும் காற்றைத் தரைநோக்கித் தள்ளி அந்தரத்திலே நிற்கும். மனிதர் ஏறிச்செல்லும் ஹெலிகொப்டர் அப்படி நிலைத்து நிற்கமாட்டாது.

கடற்படை முகாம்கள் உள்ள தீவுகளிலே, உத்தரவில்லாமல் ஆகாயத்தில் எதையும் ஏற்றுவது விவேகமன்று. ஆகையால் எழுத்துமூல அனுமதி வரும்வரை, மடிக்கணினியிலுள்ள சிமுலேற்றர் என்னும் மாயா ஆகாயத்திலே என் அப்பியாசம் ஆரம்பமாயிற்று.

"மாமா, மூக்கு உங்களைப் பாக்கேக்கை இடம் வலமாகும். வாலை உங்களுக்குக் காட்டிக்கொண்டு கவிண்டு நிக்கேக்கை, முன்னுக்குத் தள்ளினால் பின்னுக்கு வரும், இறக்கினால் ஏறும், வால் திருப்புறதும் மாறும். பக்கச் சாய்வு மட்டும் மாறாது. யோசியாதேங்கோ, கை தானாப் போகவேணும்" என்றான் மருமகன்.

யோசியாமற் காரியஞ் செய்வதிலே என் மனைவியிடமிருந்து நற்சாட்சிப் பத்திரமே பெற்றவன் நான். எனினும், உழைக்கவேண்டிய வேளைகளிலெல்லாம் செவ்வனே ஓய்வெடுத்த மூளை, அன்றைக்கென்று பார்த்து ஓயாமல் உழைத்தது. வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்த அயல்வீட்டு ஆச்சி, "காசு குடுத்து வாங்கின சாமானை, நேரா விடத் தெரியாமலோ கவிட்டுக் கவிட்டு விடுறாய், தம்பி?" என்று கேட்டதற்கு இருவரிடத்திலும் விடை இல்லை.

அனுமதி வந்ததும், குறிகட்டுவானிலே படகேறி, நெடுந்தீவின் பரந்த வெளியைப் பறப்புத் தலமாக்கினோம். சோளகம் உரக்குமுன், விடியற்காலையிலே, மருமகன் மோட்டரை உயரத்தில் நிறுத்தி, விழும்போது விசிறியில் சேர்ந்த சுழற்சியைக்கொண்டே யந்திரத்தைப் பூப்போல இறக்கினான். பின்னர் றிமோட்டின் குச்சிகள் என் கைக்கு வந்தன. முருகைக்கல் வேலிக்கு அப்பால் மேய்ந்துகொண்டிருந்த மட்டக்குதிரைகளில் ஒன்று தலைநிமிர்ந்து பார்த்தது. என் ஹெலிகொப்டர் கால்களை ஆகாயத்துக்கு நீட்டியபடி, நான் மூச்சுவிட மறந்திருந்த அவ்வளவு நேரமும், அசையாமல் நின்றது. குதிரை மறுபடி புல்லைக் கவனித்தது. பறங்கியரையும் ஒல்லாந்தரையும் கண்ட வமிசத்துக்கு இது எம்மாத்திரம்!

இக்கலையைப் பயில விரும்பும் அன்பர்களுக்கு ஒரு வார்த்தை: உடைப்பதையெல்லாம் முதலிலே சிமுலேற்றரில் உடைத்துவிடுங்கள். அங்கே பொத்தானொன்றை அழுத்தினால் யந்திரம் முழுசாகிவிடும். வெளியிலே உடைத்தாலோ, கனடாவிலிருந்து அடுத்த உறவினர் வரும்வரை காத்திருக்கவேண்டும்.