கைகட்டிய சீர்திருத்தம்

1997 நவம்பர் 1. நிதி நெருக்கடிக்கு ஐ.எம்.எஃப். (பன்னாட்டு நிதியம்) எழுதிக் கொடுத்த மருந்துச் சீட்டுப்படி இந்தோனேசியாவில் 16 வங்கிகளுக்குப் பூட்டு விழுந்தது. அதில் ஒன்று, அதிபர் சுகார்த்தோவின் மகன் பம்பாங் பங்கு வைத்திருந்த ஆண்ட்ரோமெடா. ஆகா, மகன் என்றும் பார்க்கவில்லையே, ஜகார்த்தாவில் ஒரு மனுநீதிச் சோழன்!

தேர்க்காலில் கிடக்க மகன் சம்மதிக்கவில்லை. அப்பாவின் நிதியமைச்சர் மேலேயே வழக்குப் போட்டார். பிறகு அதை விட்டுவிட்டு, இன்னொரு சின்ன வங்கியைக் கைப்பற்றி, பழைய கட்டடத்திலேயே கடை விரித்தார். சீர்திருத்தத்தால் வேலை வந்தது பெயர்ப்பலகை எழுதுபவருக்குத்தான்.

தம்பி டாமிக்கு 1996இலேயே ‘தேசியக் கார்’ யோகம். இறக்குமதித் தீர்வை கிடையாது. தொழிற்சாலை எழும்பும்வரை கொரியாவின் கியா கம்பெனி செய்த கார்களையே கப்பலில் கொண்டுவந்து இறக்கலாம். தேசியம் பெயரில் இருந்தது, போதாதா?

1998 ஜனவரியில் இந்தச் சலுகைகளையும் நிறுத்துவதாக சுகார்த்தோ குனிந்து கையெழுத்திட்டார். பக்கத்தில் ஐ.எம்.எஃப். தலைவர் கம்டெசு கைகட்டி நிற்கும் புகைப்படம் உலகமெல்லாம் சுற்றியது. நம் ஊரில் அதற்குப் பணிவு என்று பெயர்.